கிராமத்திற்கு ஒரு வெள்ள வரைபடம்: தென்பெண்ணை ஆற்றுப் படுகை தரும் பாடங்கள்

பெங்களூர் நகரின் வடகிழக்குப் பகுதியில் ஹென்னூர், பாணசவாடி, கம்மனஹள்ளி ஆகியவற்றை அடுத்து அமைந்துள்ளது லிங்கராஜபுரம். தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இப்பகுதி ஒரு காலத்தில் வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த நாட்டுப்புறமாக இருந்து, பின்னர் நகரத்தினுள் அடங்கியது. இங்கே ஒரு வீட்டின் கூரையில் விழும் மழைநீர் எங்கே சென்று சேர்கிறது என்று கேட்டால், தெருக்கோடிச் சாக்கடைக்கு அப்பால் அதன் பயணத்தைச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே இருப்பர். ஆயின் அந்த நீரின் வழி தெளிவானது. பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது. மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவில் விழும் நீர், ஹெப்பாள் பள்ளத்தாக்கின் வழியாக எலமல்லப்பச் செட்டி ஏரிக்கோ, கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியாகப் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்கோ சென்று, இறுதியில் இரண்டுமே தட்சிணப் பினாகினியில் கலக்கின்றன. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் இவ்வாற்றுக்குத் தென்பெண்ணை என்று பெயர். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் ஆகிய அணைகளைக் கடந்து, திருக்கோவிலூர் வழியாகச் சென்று, கடலூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. லிங்கராஜபுரத்துக் கூரைநீர் கடலூர் மாவட்டத்துக் கரும்பு வயலைத் தொட்டுவிட்டே கடலுக்குப் போகிறது என்பது கற்பனையன்று. நில அமைப்பு விதித்த வழி.

கிராமப்புறங்களில் வெள்ள இடரை வரைபடமாக்குவது எவ்வாறு, அவ்வரைபடத்தில் மக்களின் நிலையை எவ்வாறு சேர்ப்பது என்பதை இந்த ஒரே ஆற்றை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

2024 டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. கரை கடந்த பின்னரும் அது விரைந்து நகராமல் நிலத்தின் மீதே தங்கி மெல்லச் சென்றமையால், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடுத்த நாள் மழை மேற்கே நகர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஒரே நாளில் கொட்டியது என்று இதனைக் கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊத்தங்கரைப் பகுதியின் நீரைப் பாம்பாறு கொண்டுவருகிறது. அது கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, சாத்தனூர் அணைக்கு மேலே தென்பெண்ணையுடன் கூடுகிறது. எனவே கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குச் சாத்தனூருக்கு வந்துகொண்டிருந்த நீரின் முழு அளவு தெரிந்திராது. சாத்தனூரிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் படிப்படியாக உயர்ந்து, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடியை எட்டியது.

இந்த எண்ணை வாசகர் தமக்கே கணக்கிட்டுப் பார்ப்பது நலம். விநாடிக்கு 1,68,000 கன அடி என்பது ஒரு மணி நேரத்தில் சுமார் 605 மில்லியன் கன அடி ஆகும். சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அதாவது இதே அளவில் 12 மணி நேரம் நீர் வந்தால், முற்றிலும் வறண்ட அணைகூட நிரம்பி வழிந்துவிடும். ஏற்கெனவே பெரும்பகுதி நிரம்பியிருந்த அணை இதனைத் தாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. 1958-ல் பாசனத்திற்காகக் கட்டப்பட்ட அணை அது. வெள்ளத்தை அடக்குவதற்கென அதில் தனி இடம் ஒதுக்கப்படவில்லை.

நீர் கீழே சென்று திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோரக் கிராமங்களில் புகுந்தது. திருவெண்ணெய்நல்லூர் வட்டத்து ஊர்கள் சூழப்பட்டன. அரசூரில் மலட்டாற்று வெள்ளம் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையையே மூடியது. ஐந்து முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டது என அரசு கூறியது; போதிய அவகாசம் தரப்படவில்லை என எதிர்க்கட்சிகள் கூறின. இவ்வாதத்தில் நாம் புகவேண்டியதில்லை. நமது பாடத்திற்கு வேண்டிய வினா வேறு. "ஒரு லட்சம் கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற அறிவிப்பு நள்ளிரவில் ஒரு குடும்பத்தலைவரின் காதில் விழுந்தால், அந்த நீர் தம் வீட்டு வாசற்படிக்கு வருமா, வந்தால் எவ்வளவு உயரம், எந்நேரம் என்பதை அவர் எதைக்கொண்டு அறிவார்? கன அடி என்பது பொறியாளரின் அளவு. முழங்கால், இடுப்பு, கழுத்து என்பவை ஊராரின் அளவுகள். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதே வெள்ள வரைபடத்தின் வேலை.

இடர் வேறு, நலிவு வேறு

வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று கருத்துகளைப் பிரித்தறிதல் அவசியம். ஓர் இடத்தில் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வேகத்தில், எத்தனை ஆண்டுக்கொரு முறை நீர் வரும் என்பது இடர். அந்த இடத்தில் வீடு, பயிர், கால்நடை, பள்ளி, மின்மாற்றி என என்னென்ன உள்ளன என்பது வெளிப்பாடு. அங்கே இருப்பவர்கள் அடியைத் தாங்கி எழக்கூடியவர்களா என்பது நலிவு. இடர் ஒன்றாகவே இருக்க, நலிவு வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரே தெருவில் மூன்றடி நீர் நின்றபோது, மாடி வீட்டுக்காரர் இரண்டு நாள் மாடியில் தங்கிவிட்டுக் கீழே இறங்கி வீட்டைக் கழுவினார். அடுத்த வீட்டு மண்சுவர் ஊறி மூன்றாம் நாள் சரிந்தது. வரைபடத்தில் இவ்விரு வீடுகளும் ஒரே நிறத்தில் இருப்பின், அவ்வரைபடம் நீரைக் காட்டுகிறதேயன்றி மக்களைக் காட்டவில்லை.

2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னர்த் தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் வெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடியவையெனக் கண்டறியப்பட்டு நான்கு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஐந்தடிக்கு மேல் நீர் நிற்பவை மிக அதிக பாதிப்புக்கு உரியவை. மூன்று முதல் ஐந்தடி வரை அதிகம். இரண்டு முதல் மூன்றடி வரை மிதம். அதற்குக் கீழ் குறைவு. இது பயனுள்ள முயற்சியே. பருவமழைக்கு முன்பே எந்த ஊருக்குப் படகு வேண்டும், எங்கே மணல் மூட்டை அடுக்க வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகம் திட்டமிட இஃது உதவுகிறது. எனினும் இவ்வகைப்பாட்டின் அடிப்படை நீரின் ஆழமே. ஒன்றரை அடி நீர் நிற்கும் ஓர் இருளர் குடியிருப்பு 'குறைந்த பாதிப்பு' என்னும் வகையில் அடங்கிவிடக்கூடும். அங்கே ஓலைக் குடிசையின் தரையில் பாய்விரித்து உறங்குவோருக்கு அந்த ஒன்றரை அடி முழு நாசம் என்பதை அடிக்கணக்கு சொல்லாது.

ஏட்டிலுள்ள வரைபடங்களும் அவற்றின் எல்லையும்

நம் நாட்டில் அறிவியல் முறையிலான வெள்ள முன்னறிவிப்பு 1958-ல் டெல்லியில் யமுனை நதியில் தொடங்கியது. 1976-ல் அமைக்கப்பட்ட தேசிய வெள்ள ஆணையம் 1980-ல் அளித்த அறிக்கையில், நாட்டில் 4 கோடி ஹெக்டேர் நிலம் வெள்ளத்திற்கு உள்ளாகக்கூடியது என மதிப்பிட்டது. அதற்கு முன்னரே, 1975-ல், வெள்ளச் சமவெளிகளை மண்டலங்களாகப் பிரிப்பதற்கான மாதிரிச் சட்ட வரைவு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. மருத்துவமனை, மின் நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்திற்கு மேலும், குடியிருப்புகளும் அரசு அலுவலகங்களும் இருபத்தைந்தாண்டு வெள்ள மட்டத்திற்கு மேலும் அமைய வேண்டும். பூங்கா, விளையாட்டுத்திடல் போன்றவை தாழ்நிலத்தில் இருக்கலாம் என்பது மண்டலப் பிரிவின் சாரம். மணிப்பூர் 1978-ல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அதன்பின் அவ்வழி சென்ற மாநிலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடு கட்டக்கூடாத நிலம் என ஒரு நிலத்திற்கு முத்திரை குத்தினால் அதன் விலை வீழும். விலை வீழ்வதை விரும்பும் நிலவுடைமையாளர் எவருமில்லை என்பதே இத்தயக்கத்தின் மூலகாரணம் எனலாம்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொற்றொடர் மக்களிடையே பெருங்குழப்பம் விளைவிப்பது. நூறாண்டுக்கு ஒரு முறைதான் வரும், சென்ற ஆண்டு வந்துவிட்டது, இனி நம் காலத்தில் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அதன் பொருள் அதுவன்று. எந்த ஓர் ஆண்டிலும் அத்தகைய வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதே பொருள். முப்பதாண்டு ஆயுள் கொண்ட வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிய வீடு, அக்கடன் தீருமுன் அவ்வெள்ளத்தைக் காண நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு உண்டு. இருபத்தைந்தாண்டு வெள்ளமெனில் இருபத்தைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 64 பங்கு. தென்பெண்ணையில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்து கடலூர் நகரின் புறப்பகுதிகள் மூழ்கின. விழுப்புரம் அருகே எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்தது. மூன்றே ஆண்டுகளில் அதனினும் பெரிய வெள்ளம் வந்தது.

இன்று ஹைதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு வெள்ளப் பரப்பை வரைந்து தருகிறது. மேகத்தை ஊடுருவிக் காணும் ரேடார் கருவிகள் இருப்பதால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே படம் எடுக்க முடிகிறது. பீகார், அசாம் மாநிலங்களுக்குப் பல ஆண்டுப் படங்களை ஒன்றன்மேலொன்று வைத்து, எந்த நிலம் எத்தனை முறை மூழ்கியது என்று காட்டும் வெள்ள இடர் நிலப்படத் தொகுதிகளே வெளியாகியுள்ளன.

ஆயினும் கோள் காண்பது அது கடந்துசெல்லும் நேரத்தில் இருக்கும் நீரை மட்டுமே. கிராமத்தில் நள்ளிரவில் ஏறி விடியுமுன் வடிந்த நீர் படத்தில் விழாமற் போகலாம். கரும்புத் தோட்டத்தினுள்ளும் மரத்தோப்பினுள்ளும் நிற்கும் நீரும் எளிதில் புலப்படாது. நிலத்தின் உயர தாழ்வை எடுத்துக்கொண்டால், இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள தாள்களில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டுள்ளன. தென்பெண்ணையின் கழிமுகச் சமவெளியில் பல கிராமங்களைக் கடந்தாலும் ஒரு கோட்டைக் கூடக் காண முடியாது. அங்கே உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு இரண்டடி உயரம். 20 மீட்டர் கோட்டினால் அதனை அளப்பது, வைக்கோல் எடைபோடும் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது. எனவே மேலிருந்து வரும் வரைபடம் ஆறு எங்கே பரவும் என்பதைக் காட்டும். எந்த வீடு முதலில் மூழ்கும் என்பதை ஊருக்குள் நடந்துதான் அறிய வேண்டும்.

ஊருக்குள் நடந்து வரைதல்

இதற்கு வேண்டிய அடிப்படை ஆவணம் கிராம நிர்வாக அலுவலரிடமே உள்ளது. புல எண்களுடன் கூடிய கிராம வரைபடத்தைப் பெரிதாக்கி நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நத்தம், வாய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய், களம் யாவும் அதில் உண்டு. பழைய வரைபடத்தில் ஓடையாகக் காட்டப்பட்ட இடம் இன்று தெருவாக இருப்பின், வெள்ளம் முதலில் தேடி வரும் இடம் அதுவே என்று ஐயமின்றிக் கொள்ளலாம். நீர் பத்திரப் பதிவைப் பார்ப்பதில்லை. பெங்களூரில் 2022-லும் 2025-லும் ஏரிக்கரைகளையும் ராஜகாலுவே எனப்படும் பெருவாய்க்கால்களையும் ஒட்டி எழுந்த குடியிருப்புகள் மூழ்கியதும் இக்காரணம் பற்றியே. லிங்கராஜபுரத்திற்கு வடகிழக்கே ஹொரமாவு சாயி லேஅவுட்டில், இருப்புப்பாதைக்கு அடியில் செல்லும் குறுகிய நீர்வழி போதாமையால் மீண்டும் மீண்டும் தண்ணீர் தேங்கியது. கிராம வரைபடத்தில் இத்தகைய கழுத்துகளைத் தனிக்குறியிட்டுக் காட்ட வேண்டும்: சிறுபாலம், ரயில்பாதைக் கண், உயர்த்திப் போடப்பட்ட தார்ச்சாலை, அகலம் குறைந்த கலிங்கு ஆகியன.

அடுத்து, கடந்த வெள்ளத்தின் உயரத்தைக் குறிப்பது. சுவர்களில் நீர்க்கறை சில மாதங்கள் நிற்கும். வெள்ளை அடித்தபின் மறையும். ஆகவே வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குள் இப்பணியைச் செய்வது சிறந்தது. கறை மறைந்த இடங்களில் முதியோரைக் கேட்கலாம். முழங்கால் என்றால் ஏறத்தாழ ஒன்றரை அடி, இடுப்பு என்றால் மூன்றடி, கழுத்து என்றால் நாலரை அடி எனக் கொண்டால் வரைபடத்திற்குப் போதும். வீட்டுக்கு வீடு தரைமட்ட வேறுபாட்டை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் தளமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர் நிரப்பிய தெளிந்த ரப்பர்க் குழாயைக் கொண்டு, கோயில் படிக்கட்டு போன்ற ஒரு நிலையான இடத்தைச் சுழியாக வைத்து, ஒவ்வொரு வாசற்படியும் அதனின்றும் எத்தனை அங்குலம் மேல், எத்தனை அங்குலம் கீழ் என்று குறித்துவிடலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் இரண்டு நாளில் ஒரு சிற்றூரை முடிக்கும் அளவுக்கே இப்பணி உள்ளது.

ஆழத்துடன் வேகத்தையும் குறிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நிற்கும் நீரில் இடுப்பளவு ஆழத்திலும் ஒருவர் நடந்து வெளியேறலாம். ஓடும் நீரில் முழங்காலளவே மனிதரைச் சாய்த்துவிடும். இரண்டடி ஓட்டம் காரையே மிதக்கவைத்து அடித்துச் செல்லும். சாலையைக் குறுக்கே கடந்து நீர் பாயும் இடங்கள்தாம் பெரும்பாலும் உயிரைக் கொள்ளும் இடங்கள். அவற்றை ஆழம் எவ்வளவாயினும் சிவப்பில் குறிப்பதே முறை.

நேரத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். அணையில் திறக்கப்பட்ட நீர் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 35 கிலோமீட்டர் கீழேயுள்ள ஊருக்கு அது 5 மணி நேரத்தில் வந்து சேரும். அதிகாலை 3 மணிக்குத் திறந்தால் காலை 8 மணி. உண்மை வேகம் ஆற்றின் சரிவையும் அகலத்தையும் பொறுத்து மாறும். வெள்ளம் பெருகப் பெருக மிகும். சென்ற வெள்ளத்தில் அணையில் திறந்த நேரத்தையும் ஊரில் நீர் புகுந்த நேரத்தையும் ஒப்பிட்டால் அவ்வூருக்குரிய கணக்கு கிடைத்துவிடும். அதனை வரைபடத்தின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்: சாத்தனூரில் இவ்வளவு திறந்தால், இத்தனை மணி நேரத்தில், இந்தத் தெருவில், இவ்வளவு உயரம். இந்த ஒரு வரி பல பக்க அறிக்கைகளுக்கு ஈடாகும்.

யாரைக் கேட்பது

வரைபடம் எங்கே வைத்து வரையப்படுகிறது என்பது அதன் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஊர்க்கோயில் முன்றிலில் கூட்டம் போட்டால் ஊராரின் ஒரு பகுதியினரே வருவர். காலனி மக்கள் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போவர். ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்போர் வரவே மாட்டார்கள். ஆனால் தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்கள் அவர்களே. நம் கிராமங்களில் மேட்டு நிலமும் தாழ்நிலமும் தற்செயலாகப் பங்கிடப்பட்டவையல்ல. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைச் சாதி நிர்ணயித்த காலத்தில் மேட்டுப் பகுதி ஊராகவும், பள்ளப் பகுதியும் வடிகால் ஓரமும் சேரியாகவும் அமைந்தன. பின்னர் அரசு இலவச மனை வழங்கியபோதும், விலை மலிந்த நிலம் என்ற காரணத்தால் தாழ்வான இடங்களே பல ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டன. எனவே வெள்ள இடரின் வரைபடமும் சாதிக் குடியிருப்பின் வரைபடமும் பல ஊர்களில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. கணக்கெடுப்போர் இதனைக் கண்டு கூச்சப்பட்டு மறைக்காமல், உள்ளது உள்ளபடி எழுத வேண்டும்.

ஆகவே கூட்டம் காலனியிலும் தனியே நடத்தப்பட வேண்டும். பெண்களிடம் தனியே கேட்கப்பட வேண்டும். ஆண்கள் பெரும்பாலும் வயல், மோட்டார், சாலை ஆகியவற்றைக் குறிப்பர். குடிநீர்க் குழாய் எப்போது கலங்கும், எந்தக் கழிப்பறை பின்னோக்கி வழியும், பசுவை எங்கே கட்டலாம், பள்ளிக்கூட நிவாரண முகாமில் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா என்பவற்றைப் பெண்களே சொல்வர். முகாமுக்குப் போக மறுத்து வீட்டிலேயே தங்கி உயிரிழக்கும் குடும்பங்களைப் பற்றி நாளிதழில் படிக்கும்போது நாம் அறியாமை என்று கூறிவிடுகிறோம். கறவை மாட்டை அவிழ்த்துவிட்டுப் போக மனமின்மை, வயதுவந்த பெண்ணுடன் பொதுக்கூடத்தில் படுக்கத் தயக்கம், திரும்பி வரும்போது குடிசையிருந்த இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்வாரோ என்ற அச்சம் இவையே உண்மைக் காரணங்கள். இவற்றையும் வரைபடத்துடன் இணைந்த வீட்டுப் பட்டியலில் குறிக்கலாம். கால்நடைகளுக்கென மேட்டுநிலம் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கினால் பாதி வீடுகள் நேரத்தோடு காலியாகும்.

வீட்டுப் பட்டியலில் சுவர் மண்ணா செங்கல்லா, கூரை என்ன, நடக்க இயலாதவர், கருவுற்ற தாய், தனித்து வாழும் முதியவர் உளரா என்பவை இருந்தால் போதும். இத்தகைய விவரத்தை ஊர்ச்சுவரில் எழுதி வைப்பது தகாது. பட்டியல் பொறுப்பாளரிடம் இருக்கட்டும்; வரைபடம் மட்டும் பொதுவில் இருக்கட்டும்.

காகிதம் இல்லாதவர்

நலிவு வெள்ளத்துடன் முடிவதில்லை. நிவாரணத்தின்போது மறுபடி வெளிப்படுகிறது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் மிகவும் பாதிக்கப்பட்ட விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு ரூ. 2,000 எனவும், நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ. 17,000 எனவும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. குடும்ப அட்டை இல்லாத குடும்பம், வேறு மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டவோ செங்கல் சூளையில் வேலை செய்யவோ வந்து தங்கிய குடும்பம் ஆகியவற்றிற்கு முதல் வகை உதவி எளிதில் எட்டுவதில்லை. இரண்டாம் வகை உதவி கிராமக் கணக்கில் யார் பெயர் உள்ளதோ அவருக்குச் செல்கிறது. வாய்மொழிக் குத்தகையில் நிலத்தைப் பயிரிட்டு, விதைக்கும் உரத்திற்கும் கடன்பட்டவர் வேறு. கணக்கில் பெயருள்ளவர் வேறு. வெள்ளத்திற்கு முன்பே வரையப்பட்ட வரைபடத்தில், இந்தப் புலத்தை இன்னார் பயிரிடுகிறார் என்று ஊரார் முன்னிலையில் குறிக்கப்பட்டிருப்பின், சட்டப்படி அது சான்றாகாவிடினும் அதிகாரியிடம் காட்டுவதற்கு ஒரு பிடியாகும். உடைமையாளர்கள் இதற்கு எளிதில் இசையமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு எனப்படும் இடங்கள்

வரைபடத்தில் வெள்ளையாக விடப்படும் பகுதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாள எல்லைக்குள் குசஹா என்னுமிடத்தில் கோசி நதியின் கரை உடைந்தது. நதி தான் பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிட்ட பழைய வழியில் பாய்ந்து, வட பீகாரில் முப்பது லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களைத் தாக்கியது. கரைக்கு வெளியே இருந்த அவ்வூர்கள் வெள்ள ஊர்களாகவே கருதப்படவில்லை. படகில்லை, பரண் கட்டும் பழக்கமில்லை. ஆண்டுதோறும் மூழ்கும் ஊரைவிட, மூழ்காது என நம்பிய ஊர் அன்று அதிகம் இழந்தது. நம் ஏரிப் பாசன ஊர்களுக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, தாமிரபரணியின் வெள்ளத்துடன் உடைந்த குளங்களின் நீரும் சேர்ந்தே ஊர்களுக்குள் வந்தது. ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்த இடத்தில் மேலுள்ள ஒன்று உடைந்தால் கீழுள்ளவை அடுத்தடுத்து உடையும். ஆதலால் கரை உடைந்தால் நீர் செல்லக்கூடிய பாதையையும் புள்ளிக்கோடாக வரைய வேண்டும். கரை உறுதியானது என்று நீர்வளத் துறை சான்றளித்திருந்தாலும் அந்தக் கோடு இருக்கட்டும்.

மேல்நாட்டு நீர்

மீண்டும் லிங்கராஜபுரத்திற்கு வருவோம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர். உழுத நிலமாயின் அதில் மூன்று லட்சம் லிட்டர் ஓடக்கூடும். சிமெண்டும் தாரும் மூடிய நிலமாயின் ஒன்பது லட்சம் வரை ஓடும், அதுவும் சில நிமிடங்களில். பெங்களூரின் கிழக்குச் சரிவு முழுவதும் இவ்வாறு மூடப்பட்டுவருகிறது; அங்கிருந்து ஆற்றில் கலக்கும் கழிவுநீரின் விளைவைக் கெலவரப்பள்ளி அணை அவ்வப்போது நுரையாகக் காட்டிவருகிறது. ஆயினும் நியாயமாகப் பேச வேண்டுமெனில், 2024 டிசம்பர் வெள்ளத்தின் பழியைப் பெங்களூர் மீது சுமத்துவது பொருந்தாது. அந்த நீரின் பெரும்பகுதி ஊத்தங்கரையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் தந்தது. நகரின் பங்கு சிறிய, நடுத்தர மழைகளில்தான் முதலில் தெரியும்: முன்பு ஆற்றுக்கு வராத நீர் இப்போது வரும், இரண்டு நாளில் வந்தது இரண்டு மணியில் வரும்.

தென்பெண்ணை நீரைப்பற்றிக் கர்நாடகமும் தமிழ்நாடும் வழக்காடிவந்துள்ளன. மார்க்கண்டேய நதியின் குறுக்கே யர்கோளில் கட்டப்பட்ட அணை பற்றிய தகராறு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இவ்வழக்குகளில் பேசப்பட்டது பற்றாக்குறை நீர். மிகுதி நீரைப் பற்றி, மேலேயுள்ள மழைமானியும் ஏரி மட்டமும் கீழேயுள்ள வட்டாட்சியருக்கு மணிக்கொரு முறை தெரிய வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வழக்கோ பங்கீடோ தேவையில்லை. நீரைக் கொடுப்பதில் தயங்கும் மாநிலமும் தகவலைக் கொடுப்பதில் தயங்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. வங்காளதேசம் 1972-லேயே வெள்ள முன்னறிவிப்பு மையம் ஒன்றை நிறுவியது. தன் நாட்டுக்குள் வரும் பெருநதிகளின் மேற்பகுதி யாவும் பிறநாடுகளில் இருந்தும், அண்டை நாட்டுத் தகவலைப் பெற்றே அது இயங்கிவருகிறது. ஒரே நாட்டின் இரு மாவட்டங்களிடையே இது கடினமன்று.

வரைந்தபின் வைத்திருப்பது

வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பிரதியாகவும், பள்ளியில் ஒன்றாகவும், காலனியில் ஒன்றாகவும் மழை நனைக்காத பெயிண்டில் எழுதப்பட்டால் நன்று. மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு ஒரு நகல் செல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத் திட்டம் ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும் என்பதால், ஊர் வரைபடங்களையும் அப்போதே திருத்திச் சேர்த்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் போதுமானது. ஓராண்டில் புதிய வீடு எழுந்திருக்கும், ஒரு சாலை இரண்டடி உயர்ந்திருக்கும், ஒரு வாய்க்கால் தூர்ந்திருக்கும், முதியவர் ஒருவர் மறைந்திருப்பார், குழந்தை ஒன்று பிறந்திருக்கும். சென்ற ஆண்டு மூழ்காத தெரு, சாலை உயர்ந்த ஒரே காரணத்தால் இந்த ஆண்டு மூழ்கக்கூடும். ஒப்பந்தக்காரர் தாரைப் போட்டுவிட்டுப் போன அன்றே வரைபடத்தில் அந்தத் தெருவின் நிறத்தை மாற்றிவிட வேண்டும்.